வகுப்பறைக் கேள்வி பதில்: அந்த 2/7 எப்படி வந்தது?

கேள்வி: பதினோரு ஆண்டுகளாக ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். நம் கற்பித்தலை நாமே ஆராய்ந்து மேம்படச் செயற்கை நுண்ணறிவு உதவும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து, ‘இன்று பின்னங்களின் கூட்டல் நடத்தினேன், எப்படி மேம்படுத்தலாம்?’ என்று கேட்டேன். ‘மிக அருமை’ என்று பாராட்டிவிட்டுப் பத்து அறிவுரைகளை அடுக்கியது. ஒன்றுகூட என் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை. இதனால் என்ன பயன்?
— ஓர் ஆசிரியை, வியாசர்பாடி

பதில்: உங்கள் வகுப்பை அது பார்க்கவே இல்லை, அம்மா. எந்த இடத்தில் பிள்ளைகள் விழித்தார்கள், யார் என்ன தப்பு செய்தார்கள் என்று நீங்களும் சொல்லவில்லை. பார்க்காத வகுப்பைப் பற்றிக் கேட்டால் ஊருக்கெல்லாம் பொதுவான பதில்தான் வரும்.

நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் சைதாப்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு மாலையில் கணக்கு சொல்லித்தருகிறேன். பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு நாள் வகுப்பைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். அதைத் தானாக எழுத்தாக்கும் செயலியில் போட்டால், நம் பிள்ளைகளின் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை; ‘பின்னம்’ எல்லாம் ‘பின்னால்’ ஆகிவிட்டது. ஆகவே நானே உட்கார்ந்து கேட்டு, ஐந்து நிமிடப் பேச்சை மட்டும் தட்டச்சு செய்தேன். பெயர்களை நீக்கிவிட்டு மாணவி 1, மாணவன் 2 என்று போட்டேன். பிறகு அதைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து இப்படிக் கேட்டேன்: ‘பாராட்டு வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். இதைப் படித்துவிட்டு என்னிடம் மூன்று கேள்விகள் மட்டும் கேள்.’

வந்த கேள்விகளில் இரண்டு சாதாரணமானவை. மூன்றாவது இது: ‘1/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டினால் 2/7 என்று மாணவி 1 சொன்னதும், தப்பு, வேறு யார் சொல்வீர்கள் என்று கேட்டீர்கள். அந்த 2/7 எப்படி வந்தது என்று அவளிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்?’

முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு நடத்தியவள் நான். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “ஒரு தேர்வில் மூன்று கேள்வியில் ஒன்று சரி. அடுத்த தேர்வில் நான்கில் ஒன்று சரி. மொத்தம் ஏழில் இரண்டுதானே, மிஸ்?”

மதிப்பெண் கணக்காகப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான்! அவள் யோசித்திருக்கிறாள், நான்தான் அதைக் கேட்காமல் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன். அன்று பன்னிரண்டு துண்டுகளாக உடையும் கடலைமிட்டாய்ப் பாளம் ஒன்றை வாங்கி வந்து மேசையில் வைத்தேன். மூன்றில் ஒரு பங்கு என்றால் நான்கு துண்டு, நான்கில் ஒரு பங்கு என்றால் மூன்று துண்டு. சேர்த்து எண்ணினால் ஏழு, ஆக 7/12. “தேர்வு இரண்டு, மிட்டாய் ஒன்றுதான்” என்று அவளே வித்தியாசத்தைச் சொன்னாள். 2/7 என்பது 1/3-ஐ விடவும் சிறியது, கூட்டிய பிறகு குறையுமா என்று இன்னொரு பையன் கேட்டான். நான் நடத்திய பின்னப் பாடங்களில் அதுதான் சிறந்தது என்று மனமார நினைக்கிறேன்.

ஆகவே, பாடம் முடிந்த அன்றே உங்கள் பாடக்குறிப்பேட்டின் ஓரத்தில் நீங்களே நான்கு வரி எழுதுங்கள்: எங்கே தடுக்கியது, யார் என்ன சொன்னார்கள். அதைக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதில் உங்கள் வகுப்பில்தான் இருக்கிறது.

எண்ணும் வேலையை அதனிடம் விடாதீர்கள். எத்தனை கேள்வி கேட்டேன் என்று எண்ணச் சொன்னால் தவறான எண்ணைக்கூடத் துணிந்து சொல்லும். பி.எட். படித்தபோது ஃபிளாண்டர்ஸ் முறை படித்திருப்பீர்கள்: மூன்று நொடிக்கு ஒரு முறை, பேசுவது ஆசிரியரா மாணவரா என்று பத்து வகைகளில் குறிப்போமே, அதை உங்கள் பதிவை வைத்து நீங்களே பத்து நிமிடம் செய்து பாருங்கள். கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களிலேயே இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். என் பதிவில் அந்த ஒரு நொடிகூட இல்லை.

கேள்வி: எங்கள் தனியார் பள்ளியில் வாரந்தோறும் ‘சுயமதிப்பீட்டு அறிக்கை’ தர வேண்டும். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் அழகாக எழுதித் தருகிறது. தவறா?
— ஓர் ஆசிரியர், பெரம்பூர்

பதில்: தவறுதான், தம்பி. ஆனால் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மனம் திறந்து எழுதினால் ஊதிய உயர்வில் கைவைப்பார்களோ என்ற பயம் இருக்கும் இடத்தில் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். ஆண்டுக்கு 50 மணி நேரம் ஆசிரியர்கள் தொழில்முறை வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. மணிக்கணக்கைக் கையெழுத்துப் போட்டே நிரப்பிவிடலாம். நிர்வாகத்துக்கு நீங்களே எழுதிய ஐந்து எளிய வரிகள் போதும். உங்களுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதை யாரிடமும் காட்ட வேண்டாம்.

கேள்வி: ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் வகுப்பை ஆசிரியை பதிவு செய்து ஏதோ செயலியில் ஏற்றுகிறாராம். நான் கவலைப்பட வேண்டுமா?
— ஒரு தாய், கோடம்பாக்கம்

பதில்: கேட்க வேண்டும். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் பொது விதி. சண்டைக்குப் போவதுபோல் போகாதீர்கள்; தன் குறையைத் தானே தேடும் ஆசிரியை கிடைப்பது அரிது. குழந்தைகளின் குரல் எங்கே போகிறது, பெயர்கள் நீக்கப்படுகின்றனவா, பதிவு எப்போது அழிக்கப்படும் என்று கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 57 வயது. கைப்பேசியில் இதெல்லாம் எனக்கு வராது. இனி நான் வளர வழியே இல்லையா?
— ஓர் ஆசிரியை, தண்டையார்பேட்டை

பதில்: ஏன் இல்லை, சகோதரி? பக்கத்து வகுப்பு ஆசிரியையை ஒரு பாடவேளை உங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்காரச் சொல்லுங்கள். ஒரே ஒரு வேலை கொடுங்கள்: நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் எந்தப் பிள்ளைக்குப் போகிறது என்று வகுப்பின் வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். மணி அடித்ததும் அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள். புள்ளியே விழாத பெஞ்சில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.