சர்ஃப் கிடார் பழகினால் மெட்டல் தானாக வருமா?

சர்ஃப் என்பது 1960-களின் கடற்கரை ராக் இசை, மெட்டல் என்பது கனத்த, கரகரப்பான ராக். "இரண்டும் வேகமாகப் பிக் (தந்தியை மீட்டும் சின்ன வில்லை) அடிப்பதுதானே, ஒன்று தெரிந்தால் மற்றது வந்துவிடாதா?" என்பது கேள்வி. பாதி வரும். மீதிப் பாதிக்கு வேறு பயிற்சி வேண்டும்.

வரும் பாதி, பிக் பிடிக்கிற கை. சர்ஃப் கிடார்க்காரர் டிக் டேல் 1962-ல் வெளியிட்ட 'மிசிர்லூ'வில் ஒரே தந்தியை மேலும் கீழுமாக விடாமல் அடிப்பார். மெட்டலின் ஒரு வகையான பிளாக் மெட்டலில் கேட்கும் ட்ரெமோலோ பிக்கிங்கும் அதே அசைவுதான். ('மிசிர்லூ' கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்துப் பழைய மெட்டு. ஸ்வரங்கள் மாயாமாளவகௌளை! சரளி வரிசை படித்தவர் காது உடனே பிடித்துக்கொள்ளும்.)

வராத பாதி, தந்தியை அடித்த பிறகு நடப்பது. சர்ஃபில் ஆம்ப் (கிடாரின் ஒலிபெருக்கி) கிளீனாக, கரகரப்பில்லாமல் இருக்கும், ஸ்பிரிங் ரிவர்ப் (ஸ்பிரிங் வழியாக எதிரொலி தரும் கருவி) ஒலியை நீட்டிக்கொண்டே போகும். அடி ஒன்று லேசாக விழுந்தாலும் அப்பட்டமாகத் தெரியும். மெட்டலில் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) சின்ன அடியையும் பெரிய அடியையும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும், அதனால் அந்தக் குறை மறையும். ஆனால் சும்மா இருக்கும் தந்தியில் விரல் உரசினால்கூட இரைச்சலாகக் கேட்கும். வாசிக்காத தந்திகளை எல்லாம் இரண்டு கைகளாலும் அமுக்கி வைப்பதுதான் அங்கே பாதி வேலை. பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் தந்தியை லேசாக அமுக்கி அடிப்பது) சர்ஃபிலும் உண்டு, ஆனால் அங்கே அது ரிவர்ப் ஸ்பிரிங்கைத் துள்ள வைத்துத் தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஒலி எழுப்ப. மெட்டலில் ஒலியை அங்கேயே வெட்ட.

தந்தியிலும் இரண்டும் எதிரெதிர். டிக் டேல், பிளாக் சபாத் என்ற மெட்டல் குழுவின் டோனி ஐயோமி இருவருமே இடது கைக்காரர்கள். டேல் தடித்த தந்தி கட்டி அடித்தார். ஐயோமிக்கு 1965-ல் தகரத் தொழிற்சாலை விபத்தில் தந்தியை அமுக்கும் கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டதால் மெல்லிய தந்திக்கு மாறினார், பிறகு சுருதியையும் இறக்கினார். மெட்டலின் கனமான ஒலிக்கு அதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் எனக்கு நன்றாகக் காட்டியது காரைக்குடியில் எங்கள் பெரிய வீடுதான். ஆத்தங்குடிக் கல் தரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை. சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கிளீன் டோனில் வாசித்தால் ரிவர்ப் பெடலே வேண்டாம், வீடே போட்டுக் கொடுக்கும். அதே இடத்தில் மெட்டல் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி) வாசித்தால் எல்லாம் குழம்பிக் களியாகிவிடும். வெட்டிய ஒலியைச் சுவர் திரும்பக் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறது. "என்னடா, மில்லு ஓடுற மாதிரி இருக்கு?" என்று அப்பத்தா கேட்டதில் தப்பே இல்லை. அதனால் மெட்டலுக்கு மட்டும் மெத்தையும் துணி மூட்டையும் அடுக்கிய சின்ன அறைக்குப் போய்விடுவேன்.

நீங்கள் சர்ஃபிலிருந்து வருவதாக இருந்தால் வேகத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஆறாவது தந்தியில் டவுன் ஸ்ட்ரோக் (கீழ்நோக்கிய அடி) மட்டும், மெதுவாக, உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜில் (கிடார் உடலில் தந்திகள் தாங்கி நிற்கும் இடம்) வைத்து அடியுங்கள். நிறுத்தியதும் ஆம்பிலிருந்து ஒன்றும் வரக்கூடாது. அது பிடிபட்ட பிறகு மெட்ரோனோமின் (தாளம் தட்டும் கருவி) வேகத்தைக் கூட்டலாம்.