கண்ணாடி மணிக்கு மயங்கினார்களா?

கேள்வி: கனடாவின் ஹேய்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் ஹட்சன் பே கம்பெனி என்ற இங்கிலீஷ் வியாபாரக் கம்பெனிக்காரர்கள் கண்ணாடி மணியைக் கொடுத்தே பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோல்களை அள்ளிக்கொண்டு போனார்களாமே? அந்தப் பழங்குடிகள் அவ்வளவு அப்பாவிகளா?

பதில்: அப்பாவிகளா? 1684-ல் கம்பெனி அங்கே அமைத்த யார்க் ஃபேக்டரி என்ற வியாபாரக் கிடங்குக்குத் தோல் கொண்டுவந்த கிரீ பழங்குடி மக்கள் படு கறாரான வியாபாரிகள். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே வேலை பார்த்த ஆண்ட்ரூ கிரஹாம், பேரம் தொடங்குமுன் அவர்களுடைய தலைவர் என்ன பேசுவார் என்று எழுதிவைத்திருக்கிறார்: வெடிமருந்து அளக்கும்போது கோப்பைக்குள் விரலை விடாமல் நிறைய அளந்து போடு, குளிரில் விசை உறைந்துபோகாத துப்பாக்கியாகக் கொடு, புகையிலையை முதலில் கண்ணில் காட்டு. சரக்கு பிடிக்கவில்லையா, உள்நாட்டில் பிரெஞ்சுக்காரன் கடை விரித்திருக்கிறான், அங்கே போய்விடலாம். அவர்கள் விரும்பி வாங்கியதும் துப்பாக்கி, உலோகச் சமையல் பானை, கோடரி, கம்பளிதான். மணியும் வாங்கினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அப்புறம், வாங்கிய பானையைக் கொஞ்ச நாள் புழங்கிவிட்டு இன்னும் உள்ளே இருந்த மக்களிடம் கூடுதல் விலைக்குத் தள்ளிவிடுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பீவர் முடியில் தொப்பி செய்கிற ஐரோப்பியர்களுக்கு ரொம்பப் பிடித்தது அவர்கள் உடுத்தி அழுக்கேறிய பழைய தோல் அங்கிதான், ஏனென்றால் உடம்பில் உரசி உரசி மேல்முடி உதிர்ந்து, தொப்பிக்கான ஃபெல்ட் என்ற அழுத்திய முடித்துணிக்கு வேண்டிய அடிமுடி மட்டும் நிற்கும். கந்தலைக் கொடுத்துப் புதுக் கத்தி வாங்கியவனை ஏமாந்தவன் என்பீர்களா? இன்னொரு பக்கம், செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பகுதியில் ஒரு பழங்குடிக்காரர், "இங்கிலீஷ்காரர்களுக்குப் புத்தியே இல்லை, ஒரு பீவர் தோலுக்கு இருபது கத்தி தருகிறார்கள்" என்று சிரித்ததை 1634-லேயே ஒரு பாதிரியார் பதிவு செய்திருக்கிறார்.

ஏமாற்று நடந்த இடம் லண்டன். ஹட்சன் விரிகுடாவில் வந்து விழும் ஆறுகள் பாயும் நிலம் முழுவதையும், தான் கண்ணால் பார்க்காததை, 1670-ல் இரண்டாம் சார்லஸ் ஒரு சாசனம் எழுதி இந்தக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். 1781-82-ல் பெரியம்மை வந்து அங்கிருந்தவர்களை ஊர் ஊராகக் கொன்றது. 1870-ல் கம்பெனி அதே நிலத்தைக் கனடாவுக்கு 3,00,000 பவுனுக்குக் கைமாற்றியது, அங்கே குடியிருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்காமல். யார்க் ஃபேக்டரியை 1957-ல் மூடினார்கள். கம்பெனியும் திவாலாகி 2025-ல் கடைசிக் கடைவரை மூடிவிட்டது. அப்போதும் அந்த 1670 சாசனத்துக்குக் கோடிக்கணக்கில் விலை பேசினார்கள்.