ராணிப்பேட்டை ஷூ கம்பெனி வேலையை விட்டு எம்பிஏ சேரலாமா?

இப்போதைக்கு வேலையை விடாதீங்க. மாசம் 28,000 சம்பளம், மூணு வருஷமா அதே மெர்ச்சன்டைசர் பதவி (பையர், அதாவது வாங்குற கம்பெனியோட ஆர்டரைக் கவனிக்கிற வேலை), 8 லட்சம் கடன் வாங்கி முழுநேர எம்பிஏ படிக்கச் சொல்லி வீட்டில அழுத்தம்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு வருஷத்துல போற சம்பளமே 6.72 லட்சம். கட்டணத்தோட சேர்த்தா 14.72 லட்சம். 11 சதவீத வட்டியில 8 லட்சத்தை 7 வருஷத்தில அடைக்க மாசத் தவணை சுமார் 13,700. படிக்கிறப்போ ஏறுற வட்டியைக் கட்டாம விட்டா இன்னும் கூடும்.

பதவி உயராததுக்குப் பட்டம் காரணமா இல்லாமலும் இருக்கலாம். ஒரு ஜோடிக்குத் தோல் எத்தனை சதுர அடி, வெட்டும்போது சேதாரம் எவ்வளவு, சோல், லைனிங், கூலி எல்லாம் சேர்த்து விலை சொல்லத் தெரியணும். பையர்கிட்ட அந்த விலையை நின்னு பேசவும் தெரியணும். சாம்பிள் ஃபாலோ பண்றதோட நின்னுட்டா, எம்பிஏ முடிச்சு வந்தாலும் அதே நாற்காலிதான். இந்த விலைக் கணக்குப் போடுற காஸ்டிங் வேலையை இப்பவே கேட்டு வாங்குங்க.

ஒண்ணு செஞ்சு பாருங்க: ராணிப்பேட்டை, ஆம்பூர், சென்னையில சீனியர் மெர்ச்சன்டைசர் வேலை விளம்பரம் 20 எடுத்து, எத்தனையில எம்பிஏ கட்டாயம்னு எண்ணுங்க. பாதிக்கு மேல இருந்தா, தமிழ்நாட்டு எம்பிஏ நுழைவுத் தேர்வான டான்செட் எழுதுங்க. காலேஜ்ல சராசரி சம்பளம் கேக்காதீங்க, ரெண்டு பேரோட பெரிய சம்பளம் அதை மேல தூக்கிடும். மீடியன், அதாவது எல்லாரோட சம்பளத்தையும் வரிசையா வெச்சா நடுவுல வர்றதைக் கேளுங்க.

வங்கி, கன்சல்டிங்னு துறையே மாறணும்னா கணக்கு வேற. அப்போ ஐஐஎம் மாதிரி இடங்களுக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதி நல்ல இடத்துல முழுநேரமா சேர்றதுதான் சரி.