உறைக்கு அடியில் இருந்த கடிதம்

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். எனக்கு 21 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன ஊர். ஊட்டியில் பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன். எம்.ஏ. மானுடவியல் படிக்க வேண்டும் என்பது பிளஸ் டூ படிக்கும்போதே வந்த ஆசை. எங்கள் பாட்டி வீட்டில் ஒரு மண்பானை இருக்கிறது. பாட்டி கல்யாணமாகி வந்த புதிதில், புதுக்கோத்தகிரியில் கோத்தர் பழங்குடியைச் சேர்ந்த ஓர் அம்மாவிடம் வாங்கியது. கரியேறி ஒரு பக்கம் கறுத்துப்போய், வாய்ப்பக்கம் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். இதைச் செய்தது யார், அவர்கள் பேசுவது ஏன் நமக்குப் புரிவதில்லை என்று சின்ன வயதில் பாட்டியைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். எங்கள் ஊரின் பெயரிலேயே அவர்கள் இருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் கேள்விதான் என்னை இதுவரை கொண்டுவந்திருக்கிறது.

இந்த வருஷம் க்யூட் பி.ஜி. எழுதினேன். மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர நாடு முழுக்க நடத்துகிறார்களே, அந்தத் தேர்வு. புதுச்சேரி, ஐதராபாத் இரண்டு இடத்திலும் மானுடவியல் கிடைத்துவிட்டது. அண்ணன் இரண்டுக்குமே பணம் கட்டிவிட்டான். இன்னும் 12 நாளில் ஏதாவது ஒன்றில் நேரில் போய்ச் சேர வேண்டும். எதில் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டையுமே நான் பார்த்திருக்கிறேன் என்பதுதான் பிரச்சினை. இரண்டாம் வருஷம் கல்லூரிச் சுற்றுலாவில் புதுச்சேரி போனபோது காலாப்பட்டில் பல்கலைக்கழகத்துக்கும் கூட்டிப் போனார்கள். உள்ளே நிற்கும்போதே கடல் காற்று முகத்தில் அடித்தது. எங்கள் ஊரில் மூடுபனி வந்துவிட்டால் எதிர்வீடு தெரியாது. அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மறைக்க ஒன்றுமே இல்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இங்கேதான் என்று.

போன வருஷம் ஐதராபாத்தில் படிக்கும் சீனியர் அக்காவோடு மூன்று நாள் இருந்துவிட்டு வந்தேன். வளாகம் முழுக்கப் பாறை. காளான் பாறை என்று ஒன்று, ஒரு பெரிய பாறையை இன்னொன்று தலையில் தாங்கிக்கொண்டு நிற்கிறது. ஒரு வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார விட்டார்கள். ஒரு பெண் எழுந்து ஆசிரியரிடம் ‘நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை’ என்று சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து அவள் பேசுவதைக் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்றைக்கும் முடிவு செய்தேன், இங்கேதான் என்று.

வீட்டில் அப்பா புதுச்சேரி என்கிறார். கோவையில் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் போய்விடலாம், தமிழ் பேசுகிற ஊர், அவசரம் என்றால் ஓடி வரலாம் என்கிறார். பேராசிரியர் ஐதராபாத்தை விடாதே என்கிறார். அம்மா இரண்டு பக்கமும் பேச மாட்டார், ஹாஸ்டலில் வெந்நீர் வருமா என்று மட்டும் கேட்கிறார். என் தோழி, ‘எங்களுக்கு ஒண்ணுமே கிடைக்கலை, உனக்கு ரெண்டு கிடைச்சும் அழுகிறியே, இது திமிரு’ என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து அவளோடு பேசுவதில்லை. ஆனால் அந்த வார்த்தை போகவே இல்லை.

எல்லாரையும் விட எனக்குக் கோபம் அண்ணன் மேல்தான். என்னை விட ஐந்து வயது மூத்தவன். கேரட் லோடு வண்டி ஓட்டுகிறான். ராத்திரி லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விட்டு விடிந்து வருவான். எத்தனை தடவை கேட்டாலும் ‘உனக்குப் பிடிச்ச எடத்துக்குப் போ’ என்பான், கம்பளியை முகம் வரை இழுத்துக்கொண்டு படுத்துவிடுவான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும் மேடம், அந்த இடத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போய்விடுவேன். என் விஷயத்தில் இவ்வளவுதான் அக்கறையா என்று நினைத்தால் அழுகை வருகிறது. ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் நல்லது கெட்டது எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சரிசமமாக 14 வரி வந்தது.

இதை எழுத வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மார்க் ஷீட் எடுக்க பீரோவில் இருந்த பிளாஸ்டிக் உறையைத் திறந்தேன். என் சான்றிதழ்களுக்கு அடியில் அண்ணனுடைய சேர்க்கைக் கடிதம் இருந்தது, லேமினேஷன் போட்டு. 8 வருஷத்துக்கு முன்னால் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் அவனுக்குக் கிடைத்த சீட். அந்தச் சமயத்தில்தான் அப்பா தேயிலை மூட்டையோடு சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அண்ணன் சேரவில்லை. அதை விடுங்கள், பழைய கதை.

புதுச்சேரியா, ஐதராபாத்தா? எது எனக்குச் சரியாக இருக்கும் என்று நீங்களாவது சொல்லுங்கள். அண்ணன் சொல்ல மாட்டான்.

பெயர் வேண்டாம்,
கோத்தகிரி.

அன்பு மகளுக்கு,

உன் வயதில் எனக்கு ஒரு பெண் இருக்கிறாள், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கடலுக்கு ஒரு பத்தி, பாறைக்கு ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். தோழி சொன்ன ஒரு சொல்லைக்கூட மறக்காமல் எழுதியிருக்கிறாய். அண்ணனின் சேர்க்கைக் கடிதத்துக்கு மட்டும் சில வரிகள், அதுவும் ‘அதை விடுங்கள்’ என்று முடித்துவிட்டாய். விட முடியாதம்மா. நீ எழுதியதிலேயே எனக்கு ரொம்ப நேரம் காதில் நின்றது அதுதான்.

முதலில் உன் கேள்வியை முடித்துவிடுகிறேன். ஐதராபாத் பல்கலைக்கழகம் 1974-இல் வந்தது, புதுச்சேரி 1985-இல். இரண்டும் மத்தியப் பல்கலைக்கழகம், இரண்டிலும் உன் துறை இருக்கிறது, எங்கே சேர்ந்தாலும் இரண்டு வருஷம். அப்பா சொல்வதும் நியாயம், பேராசிரியர் சொல்வதும் நியாயம். 14-க்கு 14 என்று நின்ற தராசை நீ இன்னும் ஆறு மாதம் பிடித்துக்கொண்டு நின்றாலும் முள் அசையாது. அது உனக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறாய் என்பதுதான் என் கேள்வி.

ஒன்றில் சேர்வது உனக்குக் கஷ்டமாக இல்லை. நாளைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாய். இன்னொன்றை வேண்டாம் என்று சொல்லத்தான் கை வரவில்லை. நம் வீடுகளில் எதை லேமினேஷன் போட்டு வைப்போம், யோசித்துப் பார். ஆதார் கார்டு, பத்தாவது மார்க் ஷீட், இறந்துபோன தாத்தாவின் ஒரே ஒரு படம். நனையக் கூடாது, கிழியக் கூடாது, தொலையக் கூடாது என்று நினைப்பவற்றை. உன் வீட்டில் ஒரு சீட்டுக்கு அந்த மதிப்பு. ஒருவருக்குக் கைக்கு வந்தும் கிடைக்காமல் போனது, உனக்கு இரண்டாக வந்திருக்கிறது. அதில் ஒன்றை நீயே, அதுவும் அவர் பணம் கட்டிய ஒன்றை, அவர் கண் முன்னால் வேண்டாம் என்று தள்ள வேண்டும். அந்த இடத்தில்தான் நீ நிற்கிறாய். இரண்டையும் நேசிக்கிறேன் என்று நீ சொல்வது உண்மை, அதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்த நேசத்தின் நிழலில் ஒரு குற்ற உணர்ச்சி உட்கார்ந்திருக்கிறது. தோழி ‘திமிர்’ என்றதும் உனக்கு அவ்வளவு சுட்டதற்குக் காரணம், அதே வார்த்தையை நீயே உன்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பெண்ணோடு பேசு. அவளுக்குச் சீட் கிடைக்கவில்லை, அந்த வலியில் வந்த வார்த்தை அது.

இனி, உனக்குக் கொஞ்சம் கசப்பாக ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் விஷயத்தில் நான் உன் பக்கம் இல்லை.

அவர் வாயைத் திறப்பதில்லை என்று இத்தனை முறை குறைப்படுகிறாய். அவர் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய்? ஐதராபாத் என்று சொல்லி, அங்கே உனக்குப் பாஷை தெரியாமல் தனியாக நின்று ஒருநாள் போனில் அழுதால், அந்தப் பாரமும் அவர் தலையில்தான். புதுச்சேரி என்று சொல்லி, பின்னால் நீ ஐதராபாத்தை நினைத்து ஏங்கினால் அதுவும் அவர் கணக்கில்தான். பதினெட்டு வயதில், அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, அவர் வாழ்க்கை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. நிலைமையே முடிவு செய்துவிட்டது. அப்படிப்பட்ட மனிதர் தன் தங்கையிடம் ‘உனக்குப் பிடிச்ச எடத்துக்குப் போ’ என்கிறார். தனக்குக் கிடைக்காத ஒன்றை, அந்தப் ‘பிடித்த இடம்’ என்பதை, முழுசாக உன் கையில் வைக்கிறார். அதை நீ அக்கறையின்மை என்று எழுதியிருக்கிறாய். நான் அதை அப்படிப் படிக்கவில்லை. ராத்திரி முழுக்க மலைப்பாதையில் வண்டி ஓட்டிவிட்டு வருகிறவர் விடிகாலையில் கம்பளியை இழுத்துக்கொண்டு படுப்பதையும் உன்மீது காட்டும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதே. அது தூக்கம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அவர் மனசு உடைந்துபோய் இருக்கிறார், அந்தக் கடிதத்தைப் பார்த்துப் பார்த்து ஏங்குகிறார் என்று நீயாக ஒரு சித்திரம் வரைந்துகொள்வதும் வேண்டாம். லேமினேஷன் போட்டது அவர்தானா, அம்மாவா? என் மகனும் ஜெயித்தான் என்று அம்மா பத்திரப்படுத்தியதாகக்கூட இருக்கலாம். உன் சான்றிதழோடு சேர்த்து ஏன் வைத்தார்கள்? எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. இந்த 8 வருஷத்தில் ஒரு தடவையாவது அவரிடம் கேட்டாயா என்று உன் கடிதத்தில் தேடினேன், இல்லை.

நீ படிக்கப்போவது மானுடவியல். 1901-இல் ரிவர்ஸ் என்று ஓர் ஆங்கிலேயர் கடல் கடந்து உங்கள் மலைக்கு வந்து, அங்கே வாழும் தோடர் பழங்குடியினரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து அவர்கள் எருமையைப் பற்றியும் உறவுமுறையைப் பற்றியும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். பானையைப் பார்த்தே அதைச் செய்த கையைப் பற்றிக் கேட்ட பெண் நீ. ஒரே கூரைக்குக் கீழே தூங்குகிறவரிடம் எந்த ஊர், எந்த ஊர் என்பதைத் தவிர வேறொன்றும் கேட்காமல் இருக்கிறாய். இந்த 12 நாளில் நீ செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான், பல்கலைக்கழகத்தைத் தேர்வு செய்வது அதற்கு அப்புறம்.

ஒருநாள் அவரோடு லோடு வண்டியில் போ. அப்பாவிடம் சொல்லிவிட்டு, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார். வீட்டுக்குள் முகம் பார்த்துப் பேச வராத விஷயம், இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போகும்போது வரும். ஆலோசனை அறையில் நாற்காலியில் உட்கார்ந்து பேச முடியாமல் தவித்தவர்கள், திரும்பி ஜன்னலைப் பார்த்ததும் பேச ஆரம்பித்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஊரைப் பற்றிக் கேட்காதே. ‘அண்ணா, அந்தக் கடிதத்தைப் பார்த்தேன். அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?’ என்று மட்டும் கேள். கேட்டுவிட்டு பேசாமல் இரு. நாலு கொண்டை ஊசி வளைவு தாண்டும் வரை அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் நீ குறுக்கே பேசாதே. நன்றி சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் தயார் செய்துகொண்டு போகவும் வேண்டாம். அவர் கதையில் நீ குற்றவாளி இல்லை. நீ அப்போது ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்த பிள்ளை.

கோபப்பட்டால்? படட்டும். எட்டு வருஷம் கழித்து வரும் கோபத்தைக் கேட்கக்கூட ஒருவர் வேண்டும்.

பணத்தைப் பற்றி உனக்குப் பயம் இருக்கும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிப்படி, சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் சிறு செயலாக்கக் கட்டணம் போக முழுக் கட்டணமும், அதற்கும் கடைசித் தேதிக்கும் இடையில் விலகினால் 90 சதவீதமும் திரும்ப வர வேண்டும். தேதி தாண்டினால் 80, அப்புறம் 50, ஒரு மாதம் போனால் ஒன்றுமில்லை. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அந்த விதியில் உண்டு. இந்த வருஷத் தேதிகளையும் மாற்றங்களையும் இரண்டு பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் இன்றைக்கே பார். அண்ணன் கட்டிய பணம் அவர் கைக்குத் திரும்ப வேண்டும் என்றால், நீ தள்ளிப்போடுகிற ஒவ்வொரு நாளும் முக்கியம்.

அப்புறம், நீ விடுகிற சீட்டைப் பற்றி. அது வீணாகப் போகாது, காத்திருப்புப் பட்டியலில் அடுத்து நிற்கிறவருக்குப் போகும். நீ இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், எங்கோ ஒரு வீட்டில் ஒரு பையனோ பெண்ணோ பட்டியல் நகர்ந்ததா என்று தினமும் போனைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். உனக்கு ‘வேண்டாம்’ என்று எழுதக் கை நடுங்கினால் அந்தப் பிள்ளையை நினைத்துக்கொள். விட்ட ஊரை நினைத்து கொஞ்ச நாள் வருத்தமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். நீ தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டாய் என்பதற்கு அந்த வருத்தம் அடையாளம் ஆகாது.

மண்டியில் லோடு இறக்கியதும் டீ குடிக்க நிற்பீர்கள் அல்லவா? அன்றைக்கு டீக்கு நீ காசு கொடு. திரும்பி வந்து எனக்கு ஒரு வரி எழுது. எந்த ஊரில் சேர்ந்தாய் என்பதை எழுத மறந்தாலும் பரவாயில்லை, அண்ணன் என்ன சொன்னார் என்பதை எழுது.

அன்புடன்,
உன் ஆலோசகர்