தோப்புக் கணக்கும் 2ஜி கணக்கும்

கேள்வி: டி.வி. விவாதத்தில் ஒருவர் 2ஜி அலைக்கற்றை உரிமங்களைக் கொடுத்ததில் அரசுக்கு ஒன்றே முக்கால் லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்கிறார். எதிரே இருப்பவர் ஒரு பைசாகூட இழப்பில்லை என்கிறார். இருவர் கையிலும் கணக்கு இருக்கிறது. கணக்கு பொய் சொல்லாது என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: பள்ளிக்கூடத்தில் கேள்வியை வாத்தியார் போட்டுவிடுவார். 'ஒரு வியாபாரி கிலோ 40 ரூபாய்க்கு வாங்கி' என்று முதல் வரியிலேயே விலை வந்துவிடும். அரசியலில் அந்த முதல் வரியை அவரவரே எழுதிக்கொள்கிறார்கள். அதற்கப்புறம் வரும் கூட்டல், பெருக்கலில் யாரும் தப்பு விடுவதில்லை. நீங்கள் பார்த்த இருவரும் பாஸ்தான்.

பொள்ளாச்சிக்காரர் என்பதால் தோப்பு வைத்தே சொல்கிறேன். ஊர்ப் பொதுவில் ஒரு தென்னந்தோப்பு. 2008-இல் நிர்வாகி அதை ஏலம் விடாமல், 2001-இல் இருந்த குத்தகைத் தொகைக்கே, முதலில் வந்தவருக்கு முதலில் என்று கொடுத்துவிடுகிறார். 2010-இல் பக்கத்து இளநீர்த் தோப்பு ஏலத்துக்கு வந்து பத்து மடங்குக்குப் போகிறது. ஊருக்கு எவ்வளவு நஷ்டம்? இளநீர்த் தோப்பின் விலையைத் தேங்காய்த் தோப்புக்கும் போட்டால் ஒரு தொகை வரும். குத்தகை எடுத்தவர் வெளியூர்க்காரரைக் கூட்டுச் சேர்த்த விலையைப் போட்டால் வேறு தொகை. 'ஏலம் விடுவதாகவே நாங்கள் சொல்லவில்லையே' என்றால் பூஜ்யம்.

நடந்ததும் இதுதான். 2008 ஜனவரியில் மத்திய அரசு, செல்போன் சிக்னலைச் சுமக்கும் 2ஜி அலைக்கற்றையோடு கம்பெனிகளுக்கு 122 உரிமங்கள் கொடுத்தது. ஒரு கம்பெனிக்கு நாடு முழுமைக்குமான உரிமம் 1,658 கோடி ரூபாய், 2001-இல் வைத்த விலை. 2010-இல் அடுத்த தலைமுறையான 3ஜி அலைக்கற்றையின் ஏலத்தில் நாடு முழுமைக்குமான விலை 16,750 கோடிக்கு ஏறியது. அந்த ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்த, அரசின் கணக்கைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கை, 3ஜி விலையை 2ஜி-க்குப் போட்டுப் பார்த்து 1,76,645 கோடி என்றது. அதே அறிக்கையில் வேறு கணக்குகளும் இருந்தன. வெளிநாட்டுக் கம்பெனிகள் பங்கு எடுத்த விலையை வைத்துப் போட்ட ஒன்று 57,666 கோடியில் நின்றது. மேடை ஏறியது பெரிய தொகை மட்டும். அந்தப் பெரிய தொகையிலும் 122 உரிமங்களின் பங்கு 1,02,498 கோடிதான். பழைய கம்பெனிகள் கையில் இருந்த கூடுதல் அலைக்கற்றைக்கு மட்டும் 36,993 கோடி. இதை எந்த மைக்கிலும் நான் கேட்டதில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்களும் பூஜ்யங்களை எண்ணி அச்சிடுவதில்தான் மும்முரமாக இருந்தோம். அறிக்கை சொன்னது 'உத்தேச இழப்பு'; அந்த 'உத்தேச' என்ற சொல் தலைப்பில் இடம் போதாமல் விழுந்துவிட்டது. பிறகு சி.பி.ஐ. தன் குற்றப்பத்திரிகையில் போட்ட இழப்போ 30,984 கோடி.

சரி, பூஜ்யத்துக்கு வருவோம். 2011 ஜனவரியில் அமைச்சர் கபில் சிபல் இழப்பே இல்லை என்றார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஏலத்தைப் பரிந்துரைக்கவில்லை, மலிவான போன் கட்டணம்தான் அரசின் கொள்கை, எனவே ஏலத் தொகையோடு ஒப்பிடக் கூடாது என்பது வாதம். இரண்டில் மோசமான கணக்கு இதுதான் என்பேன். பெரிய தொகையையாவது ஒரு விலையைக் காட்டி எதிர்க்க முடியும். பூஜ்யக் கணக்கில் மோதிப் பார்க்க விலையே கிடையாது. இதன்படி, கோயில் நிலத்தை மாதம் ஐம்பது ரூபாய்க்கு விட்டாலும் கோயிலுக்கு நஷ்டமில்லை; ஐம்பது என்பதுதான் கொள்கை!

வகுத்தல் இன்னொரு வித்தை. 1,76,645 கோடியை 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள் தொகையான 7.2 கோடியால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு 24,500 ரூபாய், வயிறு எரியும். ஆனால் அலைக்கற்றை நாடு முழுமைக்கும் சொந்தம். 121 கோடியால் வகுத்தால் தலைக்கு 1,460. உரிமம் இருபது ஆண்டுக்கு என்று அதையும் வகுத்தால் ஆண்டுக்கு 73 ரூபாய், மாதம் ஆறு ரூபாய். டீக்குக்கூடக் காணாது. கோபப்படுத்த வேண்டுமா, தூங்க வைக்க வேண்டுமா என்று முடிவு செய்த பிறகுதான் எதால் வகுப்பது என்று முடிவு செய்கிறார்கள்.

என் கணக்கைக் கேட்டால், இழப்பு உண்டு, தொகையைத்தான் அடித்துச் சொல்ல முடியாது. சி.ஏ.ஜி. அறிக்கையும் ஏறக்குறைய இதையே சொன்னது: இழப்பை மறுக்க முடியாது, தொகையை விவாதிக்கலாம் என்று. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுதலை செய்ததைக் காட்டி 'தொகையே பொய்' என்பவர்கள், குற்றம் நிரூபணமாகவில்லை என்பதையும் விலை குறைவாக வைக்கப்படவில்லை என்பதையும் ஒன்றாக்குகிறார்கள். கோர்ட் பார்த்தது முதலாவதை.

உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் 122 உரிமங்களையும் ரத்து செய்தது. அந்த நவம்பரில் நடந்த ஏலத்தில் 28,000 கோடி எதிர்பார்த்த அரசுக்குக் கிடைத்தது 9,400 கோடி சொச்சம். 'பார்த்தீர்களா, எங்கே அந்த லட்சம் கோடி?' என்று ஆளுங்கட்சி துள்ளியது. 2014 பிப்ரவரி ஏலத்தில் சுமார் 61,000 கோடி, 2015-இல் கிட்டத்தட்ட 1.10 லட்சம் கோடி. அப்போது துள்ளியது அடுத்த தரப்பு. ஒவ்வொரு ஏலத்திலும் விற்ற அலைக்கற்றை வேறு, அளவு வேறு, சந்தை வேறு. 2012 ஏலத்தையும் 2015 ஏலத்தையும் ஒரே மூச்சில் சொன்ன ஒரு பேச்சாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. உங்கள் டி.வி.-யில் வந்தால் எழுதுங்கள்.