முன்பக்கம் தாழ்ந்திருப்பது பழுதா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் 2012 டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் முன்பக்கம் தாழ்ந்தே நிற்கிறது. முன்பக்கத்தைத் தூக்கிச் சமமாக்கும் இரண்டு அங்குல லெவலிங் கிட் போட்டால் சரியாகும், அரை மணி நேர வேலை, சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்கூடத் தேவையில்லை என்கிறார் ஒருவர். வாரத்தில் மூன்று நாள் செம்பனைக் குலை ஏற்றுகிறேன். போடலாமா?"

குலை ஏற்றும் வண்டிக்கு வேண்டாம். இது பழுதே இல்லை. சுமை ஏறினால் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் அமுங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் பின்பக்கத்தை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். முன்பக்கத்தையும் தூக்கிவிட்டால், அரை டன் ஏறியதும் வண்டி மூக்கை நிமிர்த்திக்கொள்ளும். இரவில் குவாலா கங்சார் சாலையில் எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரரின் கண்ணில்தான் உங்கள் விளக்கு அடிக்கும்.

முதலில் ஒரு அளவுநாடா எடுங்கள். சமதரையில், சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள்; சுமையோடு மறுபடி அளங்கள். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அப்படியானால் அதை மாற்றுங்கள்; கிட் அதற்கு மருந்தல்ல.

"இரண்டு அங்குலம்" என்றாரே, எது இரண்டு அங்குலம் என்று கேட்டீர்களா? ஸ்பிரிங்கும் அதிர்வுதாங்கியும் சேர்ந்த தூணின் தலையில் வைக்கும் ஸ்பேசர் தகடு ஓர் அங்குலம் இருந்தாலே வண்டி கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் ஏறிவிடும். தகடே இரண்டு அங்குலம் என்றால், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில், முன்சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் மூட்டு கோணலாகி, ரப்பர் உறை கிழிந்து, மசகு வெளியே தெறிக்கும். விற்கும் தரகருக்கு இந்த வேறுபாடு தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டார். அலைன்மென்ட் வேண்டாம் என்பவரிடம், டயர் ஒருபக்கமாகத் தேய்ந்தால் புது டயருக்கு யார் பணம் தருவது என்று கேளுங்கள்.

பழைய மிட்சுபிஷி ஸ்டோர்ம் பிக்கப் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் "நான் கிட்டே வாங்கவில்லை, திருகை முறுக்கினேன், ஏறிவிட்டது" என்பார். உண்மைதான். அதில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது, ஸ்பிரிங் வேலையைச் செய்யும் முறுக்குக் கம்பி. திருகினால் ஏறும், செலவும் இல்லை. ஆனால் அளவு மீறினால் சக்கரம் கீழே இறங்க இடமிருக்காது. ஒவ்வொரு குழியிலும் 'டங்' என்று தட்டும். இரண்டு பக்கமும் ஒரே சுற்று திருகினால் ஒரே உயரம் வரும் என்பதும் இல்லை, அளந்துதான் திருக வேண்டும். உங்கள் ஹைலக்ஸில் அந்தக் கம்பியே இல்லை. அவர் பேச்சைக் கேட்டுத் திருகைத் தேடாதீர்கள்.

சுமை ஏற்றுவதை விட்டுவிட்டு எப்படியும் போடுவதானால் பட்டறையில் பக்கத்திலேயே நில்லுங்கள். தூணின் தலையில் சுற்றியுள்ள மூன்று நட்டுகளைத்தான் கழற்ற வேண்டும். நடுவிலுள்ள பெரிய நட்டில் ஸ்பேனர் வைத்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், அமுங்கிய ஸ்பிரிங் ஆளையே அடித்துவிடும். சக்கரத்தைத் தாங்கும் கைகளின் (கண்ட்ரோல் ஆர்ம்) போல்ட்டுகளுக்குக் கடைசி இறுக்கு, சக்கரம் தரையில் நின்று எடை தாங்கிய பிறகுதான். பிரேக் குழாய் இழுபடாமல் தளர்வாக இருக்கிறதா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள். அதன்பின் அலைன்மென்ட், பிறகு விளக்கைத் தாழ்த்துவது.

மாற்றத்திற்கு அனுமதி வேண்டுமா என்று சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யிடமும், காப்புறுதி நிறுவனத்திடமும் பொருத்துவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையில் "ஒன்றும் ஆகாது" என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. விபத்து நடந்த அன்று அப்படிச் சொன்ன எவரும் பக்கத்தில் நிற்பதில்லை.