யாழ்ப்பாணத்தில் பன்மைப் பண்பாட்டு விழா நடத்தினால் இனவாதம் குறையுமா?

நடத்துங்கள், நல்ல விஷயம்தான். நானும் வருவேன். ஆனால் இப்படிக் கேட்கும் நீங்கள் அநேகமாக வெளிநாட்டில் இருந்து லீவுக்கு மட்டும் ஊருக்கு வருபவராக இருப்பீர்கள். மேடையில் தவிலும் முஸ்லிம்களின் றபான் மேளமும் சேர்ந்து முழங்கினால் கைதட்ட இங்கே ஆள் குறையாது. அதே ஆட்களிடம் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கொக்குவிலில் எங்கள் மேல்மாடியை வாடகைக்கு விடுகிறோம். போன வருடம் தரகர் போன் எடுத்தார். "ரீச்சர், நல்ல ஆள், பாங்க் உத்தியோகம், மனுசியும் ரெண்டு பிள்ளையளும்" என்றவர், குரலைத் தணித்து, "ஆனா முஸ்லிம் ஆக்கள்" என்றார். அதற்கு முன்பே வேறு வீடுகளில் மறுத்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்காரர் சொன்ன காரணம், இறைச்சி மணம் வருமாம். அவர் வீட்டில் ஞாயிறு தவறாமல் ஆட்டிறைச்சிக் கறி!

வந்தவரின் தகப்பன் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்துப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போன குடும்பம். அட்வான்ஸைக்கூடக் குறைத்துத்தான் வாங்கினேன். பெருமையாகத்தான் சொல்கிறேன், இருக்கட்டும்.

பக்கத்து வீட்டு அக்கா மதிலால் எட்டி, "பங்குக் கிணறு, யோசிச்சுச் செய்யுங்கோ ரீச்சர்" என்றா. இரண்டு வீட்டுக்கும் மோட்டர் போட்டுத்தான் தாங்கிக்குத் தண்ணீர் ஏறுகிறது. கப்பி துருப்பிடித்து, கயிறும் இல்லை, வாளியும் இல்லை. அந்தக் கிணற்றுக்கும் தீட்டு! இந்தப் புத்தி முஸ்லிம்களோடு தொடங்கியதும் அல்ல. சாதியைக் காட்டித் தடுப்பதைக் குற்றமாக்கி 1957இலேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியிருந்தும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக ஒடுக்கப்பட்ட மக்கள் வாசலில் நின்று போராட வேண்டியிருந்தது. கோயில் வாசலில் தடுத்தால் ஊருக்கே தெரியும். "இப்ப குடுக்கிற எண்ணம் இல்லை" என்று வீட்டுக்காரர் போனை வைத்தால் யார் கண்டது?

"சிங்களப் பேரினவாதத்தை விட்டுவிட்டு எங்களையே குத்துகிறாய்" என்று எழுத வருபவர்களுக்கு: 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது இதே ஊரில்தான் இருந்தேன். 1956இன் தனிச் சிங்களச் சட்டம், 1983இன் கறுப்பு ஜூலை எல்லாம் எனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதைப் பற்றிக் கேட்டால் அதற்கும் எழுதுவேன். இங்கே கேட்டது யாழ்ப்பாணத்தைப் பற்றி.

இன்னொன்று. எங்கள் பின்வளவு லண்டன்காரருடையது. பூட்டிய வீடு, இடுப்பளவு பற்றை, மழை வந்தால் தண்ணீர் தேங்கிய சிரட்டைகள். டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்கள் அங்கே ஆள் இல்லையென்று என் படலையைத் தட்டி எனக்கு எச்சரிக்கை தந்துவிட்டுப் போகிறார்கள். வாடகைக்குக் கொடுங்கள் என்றால், "ஆக்களை நம்பேலாது" என்று லண்டனில் இருந்து பதில். அங்கே அவரை நம்பி யாரோ ஒரு வெள்ளைக்காரன் வீடு கொடுத்திருக்கிறான்தானே?

உங்களுக்கும் இங்கே ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் சொல்லுங்கள். தரகரின் நம்பர் தருகிறேன்.